சீமாறு பிடிக்கிற கை

புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. நீளநீளமான கொட்டகைகள் கிழக்கு மேற்காகவே படுத்திருக்கும். சூரியன் ஏறும்போதும் இறங்கும்போதும் வெயில் குறுகிய முகப்புகளில்தான் அடிக்கும். நீளப் பக்கத்துக் கம்பி வலைக்குள் நேராக நுழையாது. காற்று மட்டும் குறுக்கே போய்வரும். சூட்டில் வாடும் கோழி தீவனம் எடுக்காது, முட்டை குறையும், முட்டை ஓடு மெலியும். அதனால் யாரும் கொட்டகையைத் திசை மாற்றிப் போடுவதில்லை.

அதே பண்ணைக்காரர் பக்கத்தில் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டைப் பார்த்தால் கதை வேறு. ரோடு மேற்கே இருந்தால் முகப்பும் மேற்கே. மாடி உயரத்துக்கு நீலக் கண்ணாடி. மூன்று மணி வெயில் முழுசாக அதில் இறங்குகிறது, உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது. கோழிக்குப் பார்த்த திசையை உங்களுக்குப் பார்க்கவில்லையே என்று ஒருவரிடம் கேட்டேன். "கோழியப் பாக்க யாருங்க வர்றாங்க?" என்றார். நியாயமான பதில்தான். பல நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தின் பாதியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நான் அங்கே போனது தரைக்கல் பார்க்க. என் சித்தப்பா மகள் வீடு கட்டுகிறாள்; எனக்கு அக்கா முறை. புதுச்சத்திரத்திலிருந்து கிழக்கே போகும் கிளை ரோட்டில், கொல்லிமலை நீலமாகத் தெரியும் தூரத்தில் அவர்கள் காடு. கான்கிரீட் போட்டாயிற்று, பூச்சு முடிந்தாயிற்று. தரைக்கு என்ன போடுவது என்பதில் வேலை நின்றுபோயிருந்தது. மச்சானுக்கு முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பான பெரிய டைல்ஸ் வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆத்தங்குடிக் கல்லின் படங்களை வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அக்கா எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை என்பதை மற்ற இருவரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சேலத்தில் பஸ் ஏறினால் மல்லூர், ஆண்டகளூர் கேட் தாண்டிப் புதுச்சத்திரம். நாமக்கல்லுக்குச் சற்று முன்னால். முன்பு தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44. அதில் பறக்கிற வண்டிகளுக்கு இந்த ஊர் ஒரு பெயர்ப் பலகை மட்டும். பல பஸ்கள் நிற்காது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்றாலும் சுற்றிப் பார்க்கச் சொல்லும்படியான கோயிலோ கோட்டையோ தேடி யாரும் இங்கே இறங்குவதில்லை. ஆனால் வீடு பார்க்க இறங்கலாம் என்பேன். கடந்த நூறாண்டுகளில் நம் ஆட்கள் எப்படியெல்லாம் குடியிருக்க ஆசைப்பட்டார்கள் என்பது ரோட்டிலிருந்து உள்ளே நடக்க நடக்க, பின்னோக்கி வரிசையாக வருகிறது. ரோட்டோரம் கண்ணாடி முகப்பு வீடுகள். கொஞ்சம் உள்ளே எண்பதுகளின் மொட்டை மாடி வீடுகள், வாசலில் மொசைக் தூண். அதற்கும் உள்ளே சீமை ஓட்டு வீடு. காட்டுக்குள் போனால் எப்போதாவது நாட்டு ஓடு.

அக்காவின் மாமியார் வீடு மூன்றாவது ரகம். கொங்குப் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டின் பாதி. அந்தப் பக்கத்துப் பாதியைப் பங்காளிகள் இடித்து மாடி எடுத்துவிட்டார்கள். முன்னால் ஆசாரம், ஓரத்தில் தாவாரம், பின்னால் பொடக்காணி. ஆசாரத்தின் தரை சிவப்பு ஆக்சைடு. மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் வைத்தபோது, அக்காவின் மகன் எதற்காகப் படம் படமாக அனுப்புகிறான் என்று புரிந்தது. ஐம்பது வருசம் பாதம் பட்டுப் பட்டு வந்த மினுக்கம் அது. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

நான் தரையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அக்காவின் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். "தரை நல்ல தரைதான் கண்ணு. அந்தா, தூண் பக்கத்துல வெடிச்சிருக்குது பாரு. பதினஞ்சு வருசமா அங்கதான் எறும்பு குடியிருக்குது. ஒட்டுப் போட்டா கலர் சேராதுன்னு உங்க மாமா விட்டுட்டாரு. எறும்பு மருந்து போடறது யாரு, நானு."

சிவப்புத் தரை போடுவது சின்ன வேலையில்லை. சிமெண்டும் ஆக்சைடும் மணலும் ஒரே விகிதத்தில் கலக்க வேண்டும். ஓர் அறையை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நேற்றுப் போட்டதற்கும் இன்று போட்டதற்கும் நடுவில் கோடு தெரிந்துவிடும். மேலே சிமெண்ட் பால் ஊற்றிக் கரணையால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு பல நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். வெடித்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்ய முடியாது. கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களின் முட்டியும் ஒத்துழைப்பதில்லை. குனிந்து செய்யும் வேலை.

இதையெல்லாம் பாரம்பரியம் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களுக்காக ஒரு சேதி. சிமெண்டு இல்லாமல் இந்தச் சிவப்புத் தரை இல்லை. சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது 1963இல். தலைக்கு மேலே இருக்கிற சீமை ஓட்டை மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆலை வைத்துத் தயாரிக்கத் தொடங்கியது 1865இல். நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு மங்களூர் ஓடு மாற்றிய அந்தக் காலத்துக் குடியானவர், இன்று ஆசாரத்தை இடித்துக் கண்ணாடி வைக்கிற பேரனைப் போலத்தான் செய்திருக்கிறார். அது ஆலைச் சரக்கு, அதுதான் அன்றைய நாகரிகம். ஒழுகாது, வருசா வருசம் மாற்ற வேண்டாம், குரங்கு ஏறினாலும் சட்டென்று நொறுங்காது. அழகு என்று யாராவது சொன்னார்களா என்பது சந்தேகம். நமக்கு அழகாகத் தெரிவதற்கு நூறு வருசமும், அந்த வீட்டில் நாம் குடியிருக்காததும் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த வீட்டில் ஒன்று எனக்கு இப்போதும் பிடிபடாமல் வியப்பாகவே இருக்கிறது: ஜன்னல். நாலு கதவு. கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்க் கதவைச் சாத்தினால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே யாரும் தெரியாது. மேல் கதவு வழியாகச் சூடு வெளியே போகும். வாசலில் ஆள் குரல் கேட்டால் கீழ்க் கதவில் ஒன்றை ஒருக்களித்துப் பார்த்துக்கொள்ளலாம். புது வீட்டுக்கு மச்சான் வாங்கி வைத்திருக்கும் நகரும் அலுமினிய ஜன்னலில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். நாலு அடி ஜன்னலுக்குக் காசு, இரண்டு அடிக்குக் காற்று. இதில் அழகும் இல்லை, உபயோகமும் இல்லை. விற்பவருக்குப் பொருத்துவது சுலபம், அவ்வளவுதான். அழகா உபயோகமா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் சத்தமில்லாமல் ஜெயித்துவிடுகிறார்.

சாயங்காலம் நெடுஞ்சாலை ஓரத்து டைல்ஸ் கடைக்குப் போனோம். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிற சரக்கு. பளிங்கு மாதிரி, மரம் மாதிரி, கருங்கல் மாதிரி, சிமெண்டு மாதிரி. ஆத்தங்குடி மாதிரியும் இருந்தது. அசல் ஆத்தங்குடிக் கல் சூளைக்குப் போவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடி கொடுத்த வழவழப்பு, துடைக்கத் துடைக்கக் கூடும். தினமும் துடைக்க ஆள் இருக்கிற வரை. செட்டிநாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள் என்பதை மகன் அனுப்பிய படங்களில் பார்க்க முடியாது.

கடைக்காரப் பையன் விளக்கைப் போட்டு, பளபளக்கும் வெள்ளைக் கல்லைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினான். மச்சான் முகம் மலர்ந்தது. அதுவரை பேசாமல் வந்த அக்கா, பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். வீட்டு போர்த் தண்ணீர். வெள்ளைக் கல்லின் மேலும், பக்கத்தில் சமையல் மேடைக்கு வைத்திருந்த கறுப்பு கிரானைட்டின் மேலும் கொஞ்சம் தெளித்தாள். "காயட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தச் சமவெளிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியில் பாறை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய்த் துளை போடுகின்றன என்றால், பழகியது இங்கே. ஆயிரம் அடி தாண்டியும் போகிறார்கள். வருகிற தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அது காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூக்கும். குரோம் பூசிய குழாயின் கழுத்தில், குளியலறைக் கண்ணாடியில், ஷவரின் துளைகளில். கறுப்பு கிரானைட்டில் அது விபூதிப் பட்டை மாதிரி தெரியும். படத்தில் இருக்கிற சமையலறையில் உப்புத் தண்ணீர் கிடையாது.

காய்ந்தது. கறுப்பில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. வெள்ளைக் கல்லில் பொட்டுகூட இல்லை. மச்சான் வெற்றியோடு பார்த்தார். அக்கா இன்னொரு தடவை தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்று, "கையப் புடிங்க" என்றாள். அவர் பிடித்தார். பிடிக்காமல் இருந்திருந்தால் கடைக்குள்ளேயே விழுந்திருப்பாள். "உங்கம்மாவுக்கு எழுவத்தெட்டு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அழகுக்கும் உபயோகத்துக்கும் இடையில் சண்டை என்று நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டு ஆட்களுக்கு இடையிலான சண்டை. பார்க்கிறவர் ஒருவர், கூட்டித் துடைக்கிறவர் ஒருவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் சண்டையே இல்லை. அந்த நெடுஞ்சாலையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. நாமக்கல் லாரியின் டிரைவர் சீட்டைப் பாருங்கள். சாமி படம், பிளாஸ்டிக் மாலை, விளக்குச் சரம், ஜரிகைத் தொங்கல் எல்லாம் இருக்கும். எதுவும் கையை இடிக்காது, கண்ணாடியை மறைக்காது, பள்ளத்தில் இறங்கினால் தலையில் விழாது. டீக்கடையில் நின்ற ஒரு டிரைவர் ஈரத்துணியால் டேஷ்போர்டைத் துடைத்து, மாலையை உதறி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். அலங்காரம் செய்ததும் அவர், துடைப்பதும் அவர். அளவு தானாக வந்துவிட்டது.

வீட்டில் அப்படி இல்லை. முகப்பு ஆண்களின் சொத்தாக இருக்கிறது. எலிவேஷன் என்று இன்ஜினியர் போட்டுத் தரும் படத்தைப் பார்த்துத் தலையாட்டுவது குடும்பத் தலைவர். அதில் வரும் ஆறு அங்குலப் பட்டைகள், கைக்கெட்டாத மாடங்கள், ஒட்டுக் கற்கள் எல்லாவற்றிலும் ரோட்டுப் புழுதி படியும். அதைத் தட்ட ஏணி வேண்டும். ஷோகேஸ் பொம்மைகளும் அப்படித்தான். பண்ணைப் பக்கத்து வீடுகளில் ஈ வேறு. ஜன்னலுக்கு வலை அடித்தால் முகப்பின் களை போய்விடுமாம். ஒரு வீட்டில் முன் ஜன்னல்களுக்கு வலை இல்லை, பின் ஜன்னல்களுக்கு மட்டும் இருந்தது. ஈக்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சமையலறைக் கதை இதைவிடச் சுவையானது. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். ஏறக்குறைய ஆறடிக்குப் பதினோரு அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் சமைக்கிறவர்கள் எப்படி இடத்தைச் சிக்கனம் பண்ணுகிறார்கள் என்று பார்த்தும், ஒரு பெண் ஒரு வேலைக்கு எத்தனை எட்டு நடக்கிறாள் என்று கணக்கிட்டும் வரைந்தது. அரிசி பருப்பு மாதிரிச் சாமான்களுக்குக் கைப்பிடியோடு அலுமினிய இழுப்பறைகள். மாவு வைக்கிற பெட்டி மட்டும் ஓக் மரத்தில், பூச்சி அண்டாமல் இருக்க. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்று மாடுலர் கிச்சன் என்று நம்மிடம் விற்பதற்கெல்லாம் அதுதான் பாட்டி. கூட்டித் துடைக்கிறவரின் பக்கம் நின்று வரைந்த முதல் வரைபடங்களில் ஒன்று என்று கொண்டாடலாம். கொண்டாடும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதை வரைந்த காலத்தில் தனக்குச் சமைக்கவே தெரியாது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குடிவந்தவர்களோ, இதில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியவில்லை, சாப்பாட்டு மேசை போட முடியவில்லை என்று குறைப்பட்டார்கள். அளந்து பார்த்தாலும் சரி, ஆசைப்பட்டாலும் சரி, குடியிருக்கிறவரைக் கேட்காமல் வரைந்தால் ஏதோ ஒரு மூலை இடிக்கும்.

நம் ஊரில் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் தீர்வு உலகத்தில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. புதுச்சத்திரம் பக்கம் நான் ஏறி இறங்கிய புது வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டு சமையலறை. உள்ளே இருப்பது காட்டுவதற்கு. பால் வெள்ளைப் பலகை, புகைபோக்கி, கண்ணாடி அலமாரி. பின்னால் பொடக்காணிப் பக்கம் தகரச் சார்ப்பு இறக்கி, விறகடுப்பும் கிரைண்டரும் அருவாமனையும் கொண்ட இன்னொன்று. ஆக்குவது அங்கே. உள்ளே இருப்பதில் காப்பி போடுவார்கள். பல லட்சம் செலவழித்துக் காப்பி போட ஓர் அறை! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தகரச் சார்ப்பில் உட்கார்ந்து பார்த்தால் காற்று இருக்கிறது, பேச்சு இருக்கிறது, கோழிக்குழம்பின் நெடி யாருக்கும் தொந்தரவில்லை. வீட்டிலேயே நல்ல அறை அதுதான். அதை யாரும் வரையவில்லை.

வாசலுக்கு வருகிறேன். அக்காவின் வீட்டு முன்பக்கம் முழுக்கப் பேவர் பிளாக் பதிப்பதாக ஏற்பாடு. மழைச் சேறு இருக்காது, கார் ஏறினாலும் பெயராது. நல்ல காரணங்கள். கோலம் என்ன ஆகும்? சாணி தெளித்த மண் வாசலில் மாவு ஒட்டும். சிமெண்டு வாசலிலும் பரவாயில்லை. பேவர் பிளாக்கின் இடுக்குகளில் மாவு இறங்கி, இழை அறுந்து அறுந்து போகும். ஒரு தெருவில் இதற்கு வழி கண்டிருந்தார்கள்: நிலைப்படிக்கு முன்னால் நாலடிச் சதுரத்துக்குக் கல் பதிக்காமல் கரடுமுரடாகச் சிமெண்டு பூசி விட்டிருந்தார்கள். விடியற்காலையில் போடும் கோலத்துக்கு அந்தச் சதுரம் போதும். நான் அதைப் படம் எடுத்து அக்காவிடம் காட்டினேன். அவள் அப்போதே கொத்தனாருக்கு அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு நான் பார்த்தவற்றில் சின்ன வீடு, கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டியது. 2024இல் தொடங்கிய திட்டம்; அரசு தருவது மூன்றரை லட்சம், வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி அறுபதைக் குடியிருப்பவர் தன் விருப்பப்படி தீப்பிடிக்காத வேறு கூரையில் போட்டுக்கொள்ளலாம். அந்த வீட்டுக்காரப் பெண் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறவர். அறுபது அடியை முன்னால் திருப்பி, ஓடு போட்டுத் திண்ணை ஆக்கியிருந்தார். உள்ளே சாதாரணச் சிமெண்டுத் தரை. திண்ணையில் மட்டும் டைல்ஸ், அதுவும் கடைகளில் மிஞ்சிய துண்டுகளை எடைக்கு வாங்கி உடைத்துப் பதித்தது. பச்சை, காவி, நீலம் எல்லாம் கலந்து கிடந்தன. "அழுக்குத் தெரியாதுங்க. வழுக்காதுங்க. பாக்கவும் நல்லாத்தானே இருக்குது?" என்றார். நல்லாத்தான் இருந்தது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இருந்திருந்தால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உடைந்த ஓட்டையும் மிச்சக் கல்லையும் வைத்துக் கேரளத்தில் அவர் கட்டிக் காட்டியதும் இந்தக் கணக்குதான். அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். இந்த அம்மாவுக்கு மூன்றாவது தவணைப் பணம் அப்போதுதான் வந்திருந்தது.

அக்கா வீட்டுத் தரை ஒருவழியாக முடிவாயிற்று. உள்ளே முழுக்க மங்கலான பழுப்பில் புள்ளி போட்ட, சொரசொரப்பான டைல்ஸ். தலைமுடி விழுந்தால் தெரியாத நிறம் என்று அக்கா தேர்ந்தெடுத்தாள். அந்தப் புள்ளியில் பழைய மொசைக்கின் சாயல் இருக்கிறது என்று பெங்களூரிலிருந்து மகனும் ஒப்புதல் கொடுத்தான். சமையல் மேடைக்குக் கறுப்பு இல்லை, சாம்பல் நிற கிரானைட். குளியலறையில் கல்லைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை. வாட்டம் சரியாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் பணம் இல்லை என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். முன்பக்கம் பத்தடித் திண்ணைக்கு மட்டும் சிவப்பு ஆக்சைடு. போட்டுத் தர ராசிபுரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறாராம். வெடித்தால் எறும்பு மருந்து போடுவது மச்சானின் பொறுப்பு என்று மாமியாரின் முன்னிலையில் பேசி முடித்தார்கள்.

பாக்கி இருப்பது கேட். சேலம் எவர்சில்வரில் பண்ண வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். விலை குறைந்த ரகத்தை எடுத்தால் இந்தத் தண்ணீருக்குத் துரு ஏறும், 304 ரகம்தான் வேண்டும் என்பதிலும் சம்மதம். நடுவில் இரண்டு மயில் வைக்க வேண்டும் என்கிறார் மச்சான். மயிலின் தோகை இடுக்கெல்லாம் துடைப்பது யார் என்று அக்கா கேட்டாள். தானே துடைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறாள். நான் பஸ் ஏறும்வரை தரவில்லை.